டாமி லாசெல்ஸ்: தனிச்செயலர் கையில் நிஜமாகவே அவ்வளவு அதிகாரமா?

சுபா_ரா கேட்டது:

பிரிட்டிஷ் அரச குடும்பத்தைப் பற்றி எதைப் படித்தாலும், எதைப் பார்த்தாலும், தடித்த மீசையோடு ஒருவர் ஓரமாக நிற்கிறார். சர் ஆலன் லாசெல்ஸ், எல்லோரும் கூப்பிடுவது டாமி. எட்டாம் எட்வர்டுக்கு வேண்டாதவர், ராணியின் தங்கை மார்கரெட்டின் காதலைப் பிரித்தவர், இளம் ராணி எலிசபெத்துக்குப் பாடம் எடுத்தவர் என்று அவரைப் பற்றி ஆளுக்கொரு கதை. பதவியின் பெயரைப் பார்த்தால் 'தனிச்செயலர்'. கடிதம் எழுதுகிற வேலை மாதிரித்தானே இருக்கிறது? தேர்தலில் நின்றவரும் இல்லை, அமைச்சரும் இல்லை. இவர் சொன்னால் அரசர் ஏன் கேட்க வேண்டும்? இந்த வேலைக்கு ஆட்களை எங்கிருந்து பிடிக்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாகு:

பெரிய இடத்துக் குமாஸ்தா, அவ்வளவுதான். பரம்பரைப் பணக்காரர்களுக்குள் வேலையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். லாசெல்ஸே ஹேர்வுட் பிரபு குடும்பம். ஐந்தாம் ஜார்ஜின் மகள் மேரியைக் கட்டியவர் இவருக்கு ஒன்றுவிட்ட சகோதரர். இதில் திறமையைத் தேடுவது வீண்.

பழைய கோப்பு:

நாகு சொன்ன உறவுமுறை சரி. குமாஸ்தா என்பதும் பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

நான் உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க இன்னொருவர் கையெழுத்துக்குக் கடிதம் தயாரித்துக் கொடுத்தவன். அதனால் லாசெல்ஸின் நாட்குறிப்புகளைப் படித்தபோது காதல் கதைகளைவிட, எந்தக் கடிதத்தை யார் எழுதினார்கள், யார் எதை அடித்தார்கள் என்பதில்தான் என் கண் போனது. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஆளே வேறு மாதிரித் தெரிகிறார்.

முதலில் வேலை என்ன என்று பார்த்துவிடுவோம். அரசருக்கு அரசாங்கத்திலிருந்து தினமும் சிவப்புப் பெட்டிகளில் காகிதங்கள் வரும். அமைச்சரவை ஆவணம், தூதரகத் தந்தி, கையெழுத்துக்கான உத்தரவு எல்லாம் அதில் இருக்கும். அரசர் பேசும் பேச்சு, போகும் ஊர், பார்க்கும் மனிதர்கள், பிரதமருக்குச் சொல்லும் பதில், கனடாவும் ஆஸ்திரேலியாவும் எழுதும் கடிதங்கள் என எல்லாமே தனிச்செயலரின் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். அரசர் பிரதமரின் ஆலோசனைப்படி நடப்பவர். ஆனால் பிரதமரே யார் என்று தெரியாத நேரத்தில், அல்லது பிரதமரே ஏடாகூடமாக ஒன்றைக் கேட்கும் நேரத்தில், அரசருக்குப் பக்கத்தில் இருப்பது இந்த ஒருவர்தான். அதிகாரம் என்று எதுவும் சட்டத்தில் எழுதியில்லை. 'இதைச் செய்தால் இப்படி ஆகும்' என்று முகத்துக்கு நேரே சொல்லும் உரிமை மட்டும் உண்டு. சிலர் அதையும் பயன்படுத்தாமலே ஓய்வு பெற்றுவிடுவார்கள்.

லாசெல்ஸ் பயன்படுத்தினார். 1887-இல் பிறந்தவர், ஆக்ஸ்ஃபர்டில் படித்தவர், முதல் உலகப் போரில் குதிரைப்படையில் இருந்து வீரப்பதக்கம் வாங்கியவர். 1920-இல் பட்டத்து இளவரசரான வேல்ஸ் இளவரசர் எட்வர்டிடம் உதவித் தனிச்செயலராகச் சேர்ந்தபோது அவரை ஒரு நாயகனாகத்தான் நினைத்தார். சில வருடங்களில் அது தேய்ந்துபோனது. 1927-இல் கனடா பயணத்தின்போது பிரதமர் பால்ட்வினைத் தனியாகப் பிடித்து, இளவரசர் போகிற போக்கைப் பார்த்தால் குதிரைப் பந்தயத்தில் விழுந்து கழுத்தை முறித்துக்கொண்டால் நாட்டுக்கு நல்லது என்று தோன்றுகிறது என்றே சொல்லிவிட்டார். பால்ட்வினின் பதில் அதைவிட மேல்: கடவுள் என்னை மன்னிக்கட்டும், நானும் அப்படி நினைத்ததுண்டு. தான் வேலை செய்யும் இளவரசரைப் பற்றிப் பிரதமரிடமே இப்படிப் பேசுகிற ஆளை வெறும் குமாஸ்தா என்று எப்படி எடுத்துக்கொள்வது, சொல்லுங்கள்.

அடுத்த வருடம் கிழக்கு ஆப்பிரிக்காவில் வேட்டைப் பயணம். லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் சாகக் கிடக்கிறார், உடனே திரும்புங்கள் என்று பால்ட்வினிடமிருந்து தந்திக்கு மேல் தந்தி. இளவரசர் நம்பவில்லை. இது பால்ட்வினின் தேர்தல் தந்திரம் என்றார். லாசெல்ஸுக்குப் பொறுமை போய்விட்டது. உங்கள் தந்தை, இங்கிலாந்தின் அரசர், சாகக் கிடக்கிறார், அது உங்களுக்கு ஒன்றுமில்லை என்றாலும் எங்களுக்கு நிறைய என்று நேராகவே சொன்னார். இளவரசர் பேசாமல் எழுந்து போய்விட்டார். அன்றைய மீதிப் பொழுதை அந்த ஊர் அதிகாரி ஒருவரின் மனைவியோடு கழித்தார் என்பது லாசெல்ஸே எழுதிவைத்தது. அரசர் எப்படியோ பிழைத்துக்கொண்டார். லாசெல்ஸ் 1929-இல் வேலையை விட்டார். போகும் முன் இளவரசரிடம் மனதில் இருந்ததையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனார். கேட்டுக்கொண்டிருந்த எட்வர்ட் கோபப்படவில்லையாம். வேல்ஸ் இளவரசராக இருக்க நான் லாயக்கில்லாத ஆள் போலிருக்கிறது என்றாராம்.

அப்புறம் 1931 முதல் 1935 வரை கனடாவில் அரசரின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரலுக்குச் செயலர். அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1935 கடைசியில் ஐந்தாம் ஜார்ஜ் திரும்ப அழைத்துக்கொண்டார். 1936 ஜனவரி 20-இல் அவர் இறந்துபோக, யாரிடம் இருக்க முடியாது என்று விலகினாரோ அவரே இப்போது எட்டாம் எட்வர்ட். அந்த வருடத்துப் பெரிய கடிதத்தை எழுதியது மட்டும் லாசெல்ஸ் இல்லை. அவருக்கு மேலே இருந்த அலெக்சாண்டர் ஹார்டிங். பத்திரிகைகள் இனி மௌனமாக இருக்காது, அரசர் மணக்க நினைத்த, விவாகரத்தான சிம்ப்சன் அம்மையார் உடனே வெளிநாடு போவது நல்லது என்று நவம்பர் 13-ஆம் தேதி அரசருக்கே எழுதினார். அரசருக்கு அந்தக் கோபம் தீரவே இல்லை. அதன்பின் அரசாங்கத்தோடு பேச வால்டர் மாங்க்டன் என்ற வழக்கறிஞரைத்தான் அனுப்பினார். டிசம்பர் 10-இல் முடி துறக்கும் பத்திரத்தில் கையெழுத்து.

ஹார்டிங்கும் லாசெல்ஸும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. ஹார்டிங் எதையும் கீழே இருப்பவரிடம் கொடுக்க மாட்டார், சொல்லவும் மாட்டார். (அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இந்த வகை மேலதிகாரியைத் தெரிந்திருக்கும்.) 1943-இல் ஹார்டிங் விலக, எட்வர்டுக்குப் பின் அரசரான அவர் தம்பி ஆறாம் ஜார்ஜுக்கு லாசெல்ஸ் தனிச்செயலரானார்.

இனி நான் எல்லோரிடமும் சொல்கிற விஷயம். 1944 மே 30, நார்மண்டிப் படையெடுப்புக்கு ஒரு வாரம் முன். செவ்வாய்க்கிழமை விருந்தில் சர்ச்சில் அரசரிடம், பெல்ஃபாஸ்ட் என்ற போர்க்கப்பலில் ஏறிப் படையெடுப்பை நேரில் பார்க்கப் போகிறேன் என்கிறார். அரசருக்கும் ஆசை வந்துவிட்டது, நானும் வருகிறேன் என்கிறார். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பையன்கள் மாதிரி குதூகலம். இப்போது நீங்கள் தனிச்செயலர். 'கூடாது' என்று சொன்னால் கேட்பார்களா? லாசெல்ஸ் கூடாது என்று சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டார். நீங்களும் பிரதமரும் சேர்ந்து கடலுக்கு அடியில் போய்விட்டால், அடுத்த பிரதமராக யாரை அழைப்பது என்று இளவரசி எலிசபெத்துக்கு யோசனை சொல்லி வைத்திருக்கிறீர்களா? அரசரின் மூத்த மகளான இளவரசிக்கு அப்போது 18 வயது. அரசர் யோசித்தார். தன் ஆசையை அன்றே விட்டுவிட்டார்.

அடுத்த தலைவலி சர்ச்சில். மே 31-இல் அரசர் பெயரில் ஒரு கடிதம் போகிறது. அவர் மசியவில்லை. ஜூன் 1-இல் கடற்படைத் தளபதி ராம்சேயை வைத்துக்கொண்டு ஒரு கூட்டம். அங்கே லாசெல்ஸ் ஒரு விதியை எடுத்துப் போடுகிறார்: அமைச்சர் எவரும் அரசரின் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. சர்ச்சில் விடுவாரா? நான் இருக்கப்போவது பிரிட்டிஷ் போர்க்கப்பலில், அது பிரிட்டிஷ் மண்தானே என்கிறார். ஜூன் 2-இல் இரண்டாவது கடிதம். அதில் விதியும் இல்லை, உத்தரவும் இல்லை. நான் உங்களைவிட இளையவன், கடற்படையில் இருந்தவன், முப்படைக்கும் தலைவன், எனக்கும் கடலுக்குப் போகத்தான் ஆசை, ஆனாலும் வீட்டில் இருக்கச் சம்மதித்துவிட்டேன், நான் ஆசைப்பட்டதையே நீங்கள் மட்டும் செய்வது நியாயமா என்று கேட்கிறது கடிதம். சர்ச்சில் முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்கினார். விதி தோற்ற இடத்தில் நியாயம் கேட்ட வரி ஜெயித்தது. கையெழுத்து அரசருடையது. அவரைக் கேள்வி கேட்டு அந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியவர் லாசெல்ஸ்.

இன்னொன்று, பெயரே போடாமல் எழுதியது. 1950 பிப்ரவரித் தேர்தலில் பிரதமர் அட்லியின் தொழிற்கட்சிக்கு மயிரிழையில்தான் பெரும்பான்மை, 625-க்கு 315. சீக்கிரமே அட்லி மறுபடி தேர்தல் கேட்டால் அரசர் மறுக்கலாமா என்று டைம்ஸ் பத்திரிகையில் விவாதம் நடந்தது. மே 2-ஆம் தேதி 'செனெக்ஸ்' என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வந்தது. இருக்கிற நாடாளுமன்றம் இன்னும் உயிரோடு இயங்கும் நிலையில் இருந்து, தேர்தல் வந்தால் நாட்டின் பொருளாதாரத்துக்குக் கேடு என்றும் இருந்து, போதுமான பெரும்பான்மையோடு ஆட்சி நடத்த இன்னொரு பிரதமரும் கிடைப்பார் என்றால், விவேகமுள்ள அரசர் மறுக்கலாம். இல்லாவிட்டால் மறுக்க மாட்டார். எழுதியது லாசெல்ஸ். எந்தச் சட்டமும் இல்லை, பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு கடிதம். அதை இன்றுவரை 'லாசெல்ஸ் கோட்பாடுகள்' என்று சட்ட அறிஞர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். 2011-இல் வந்த நிலையான நாடாளுமன்றக் காலச் சட்டம் அதைக் கிடப்பில் போட்டது. 2022-இல் அந்தச் சட்டம் போய், கலைக்கும் அதிகாரம் அரசருக்கே திரும்பியது. அதே ஆண்டு ஜூலையில் போரிஸ் ஜான்சன் திடீர்த் தேர்தல் கேட்பாரோ என்று பேச்சு கிளம்ப, செனெக்ஸ் கடிதம் மறுபடி தூசு தட்டப்பட்டது.

நாகு, புனைபெயரில் வந்த ஒரு கடிதம் 70 வருடம் கழித்தும் பேசப்பட்டால், அதை எழுதியவரிடம் கொஞ்சம் திறமையும் இருந்திருக்கும்தானே?

சுபா_ரா:

அருமை ஐயா. ஆனால் மார்கரெட் விஷயத்தைத் தொடாமலே போய்விட்டீர்கள். அதில் இவர் வில்லன்தானே? அப்புறம் எலிசபெத்தின் 21-ஆவது பிறந்தநாள் பேச்சு இவர் எழுதியதா?

பழைய கோப்பு:

தொடாமல் விட்டது அவசரத்தில். அதில் அவரிடம் எனக்குச் சம்மதம் இல்லை.

பீட்டர் டவுன்செண்ட் விமானப்படை வீரர், அரண்மனையிலேயே வேலை, விவாகரத்தானவர். 1953-இல் மார்கரெட்டும் தானும் காதலிப்பதாக லாசெல்ஸிடம் வந்து சொன்னபோது கிடைத்த பதில்: உமக்குப் பைத்தியமா, இல்லை கெட்ட எண்ணமா? மனம் திறந்து சொல்ல வந்தவரிடம் பேசுகிற பேச்சா இது? சர்ச்சிலிடம் அத்தனை நயமாகக் கேள்வி கேட்டவர், தன்னைவிடக் கீழே இருந்தவரிடம் நயத்தைக் கழற்றி வைத்துவிட்டார். டவுன்செண்ட் பிரஸ்ஸல்ஸுக்கு மாற்றப்பட்டார்.

ஆனால் முழுப் பழியையும் அவர் தலையில் போடுவதும் கணக்கு உதைக்கிறது. அன்று நடப்பில் இருந்த 1772-ஆம் ஆண்டு அரச திருமணச் சட்டப்படி 25 வயதுக்குள் ராணியின் சம்மதம் வேண்டும். 25 ஆகிவிட்டால் ராணியின் ஆலோசனைச் சபையான பிரிவி கவுன்சிலுக்கு அறிவித்துவிட்டு ஒரு வருடம் காத்திருக்கலாம், நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் எதிர்க்காவிட்டால் கல்யாணம். லாசெல்ஸ் 1953 முடிவிலேயே ஓய்வு பெற்றுவிட்டார். டவுன்செண்டை மணக்கப் போவதில்லை என்று மார்கரெட் அறிவித்தது 1955 அக்டோபர் 31. அதற்குள் பட்டமும் படிப்பணமும் போகாமல் கல்யாணத்துக்கு வழி செய்யும் திட்டம் ஒன்று ஈடன் அரசாங்கத்திடம் இருந்தது பிற்காலத்தில் வெளிவந்த கோப்புகளில் தெரிகிறது. மார்கரெட்டோ, என் வாழ்க்கையைக் கெடுத்தவர் என்று லாசெல்ஸைச் சாகும்வரை மன்னிக்கவில்லை என்பார்கள். ஓய்வுக்குப் பிறகு அவர் குடியிருந்த வீடும் கென்சிங்டன் அரண்மனையில்தான், மார்கரெட்டும் அங்கேதான். 1981-இல் 94 வயதில் அவர் இறக்கும்வரை இருவரும் அண்டை வீட்டார்.

பிறந்தநாள் பேச்சு டெர்மட் மோரா என்ற பத்திரிகையாளர் எழுதியது. 1947, தென்னாப்பிரிக்கப் பயணம். அரச ரயிலில் வரைவைக் காணோம். தேடினால், சாப்பாடு பரிமாறும் ரயில் பெட்டியின் பணியாள் அதைப் பத்திரமாக மதுப்புட்டிகளுக்கு நடுவே செருகி வைத்திருக்கிறார். படித்துப் பார்த்த லாசெல்ஸ், இத்தனை வருடமாக வரைவுகளைப் படிக்கிறேன், ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டாம் என்று தோன்றியது இதுதான் என்று மோராவுக்கு எழுதினார். ஏப்ரல் 21-இல் கேப் டவுனிலிருந்து ஒலிபரப்பு. என் வாழ்க்கை நீண்டதோ குறுகியதோ, முழுவதும் உங்கள் சேவைக்கே என்று வருமே, அந்தப் பேச்சு. அடுத்தவர் வரைவில் கை வைக்காமல் விடுவது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும்.

இளமாறன்:

லாசெல்ஸைவிடப் பெரிய ஆள் ஐந்தாம் ஜார்ஜின் தனிச்செயலர் ஸ்டாம்ஃபர்டம் பிரபு என்பது என் கட்சி. ஆர்தர் பிக் என்ற பெயரில் பாதிரியார் வீட்டில் பிறந்து, பீரங்கிப் படை அதிகாரியாக இருந்து, 1880-இல் விக்டோரியாவிடம் வந்தவர். நாகு கவனிக்கவும், பரம்பரைப் பணக்காரர் இல்லை. 1931-இல் 81 வயதில் பதவியில் இருக்கும்போதே இறந்தார். 1917-இல் ஜெர்மானியப் பெயரை உதறிவிட்டு 'விண்ட்சர்' என்று குடும்பத்துக்குப் பெயர் வைக்க யோசனை சொன்னது இவர்தான். அதே வருடம் ரஷ்ய ஜார் குடும்பத்துக்கு இங்கிலாந்தில் அடைக்கலம் வேண்டாம் என்று வெளியுறவு அமைச்சருக்கு ஐந்தாம் ஜார்ஜ் சார்பில் அடுத்தடுத்துக் கடிதம் எழுதியதும் இவரே. வெகுகாலம் அந்தப் பழியை அன்றைய பிரதமர் லாய்ட் ஜார்ஜ்தான் சுமந்தார். அரசராக இருப்பது எப்படி என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என ஐந்தாம் ஜார்ஜே இவரைச் சொன்னார். இவருடைய மகள் வயிற்றுப் பேரன் மைக்கேல் அடீன்தான் லாசெல்ஸுக்குப் பின் 1972 வரை எலிசபெத்திடம் இருந்தார்.

நாகு:

பாருங்கள், கடைசியில் பேரனுக்குத்தான் போயிருக்கிறது! நான் சொன்னது அதுதான். ஜார் விஷயத்திலும் அதே கதை. முடிவு அரண்மனையில், பழி பிரதமருக்கு. 1975 ஆஸ்திரேலியாவையும் பேசுங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட விட்லம் அரசாங்கத்தை கவர்னர் ஜெனரல் கெர் கலைத்தாரே, அதற்குப் பின்னாலும் ஒரு தனிச்செயலர்தானே?

பழைய கோப்பு:

மார்ட்டின் சார்ட்டரிஸ். அடீனுக்குப் பின் 1977 வரை இருந்தவர். நாகு கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஜார் விஷயத்தில் எனக்கும் அரண்மனையைத் தாங்கிப் பேச மனமில்லை.

கெர் ராணிக்கு நேராக எழுதவில்லை, சார்ட்டரிஸுக்குத்தான் எழுதுவார், பதிலும் அவரிடமிருந்தே வரும். அந்தக் கடிதங்கள் தனிப்பட்டவை என்று பல வருடம் பூட்டி வைத்திருந்தார்கள். ஜென்னி ஹாக்கிங் என்ற வரலாற்றாசிரியர் வழக்குப் போட்டு ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வரை போய் ஜெயித்து, 2020 ஜூலை 14-இல் அத்தனையும் வெளியே வந்தது. இதில் 1975 நவம்பர் 4 கடிதத்தைப் பாருங்கள். அரசியலமைப்பு சொல்கிறபடி நீங்கள் செய்தால், செய்வீர்கள் என்பது தெரியும், முடியாட்சிக்குத் தவிர்க்கக்கூடிய கெடுதல் எதுவும் வராது, நன்மை வரவே வாய்ப்பு அதிகம் என்கிறார் சார்ட்டரிஸ். 'கலை' என்று எங்குமே இல்லை. 'கலைக்காதே' என்றும் இல்லை. பின்னால் யார் எடுத்துப் படித்தாலும் குற்றம் பிடிக்க முடியாத வாக்கியம். அதே சமயம், கெர் மாதிரி தைரியம் தேடிக்கொண்டிருந்த ஒருவர் அதில் தேவையானதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் கழித்து 11-ஆம் தேதி விட்லமை நீக்கினார். ராணிக்கு முன்கூட்டித் தெரியாமல் இருப்பதே நல்லது என்று நினைத்தேன் என்று அன்றே சார்ட்டரிஸுக்கு எழுதினார். சபாநாயகர் ஷோல்ஸ் ராணியிடம் முறையிட்டதற்கு 17-ஆம் தேதி வந்த பதிலும் சார்ட்டரிஸ் எழுதியதுதான்: அதிகாரம் கவர்னர் ஜெனரலுக்கு, ராணி தலையிடுவது முறையல்ல.

சட்டப்படி ஒரு வரியிலும் தப்பில்லை. ஆனால் லாசெல்ஸ் பெல்ஃபாஸ்ட் கப்பலுக்காகக் கேட்ட மாதிரி ஒரே ஒரு கேள்வி, 'விட்லமிடம் முதலில் எச்சரித்துச் சொன்னீர்களா?' என்று சார்ட்டரிஸ் கேட்டிருந்தால் கெர் என்ன செய்திருப்பார்? நவம்பர் 4 கடிதத்தில் அது எனக்குக் குறையாகவே படுகிறது.

சுபா, ஆட்களை எங்கிருந்து பிடிக்கிறார்கள் என்று கேட்டீர்கள். முன்பு ராணுவமும் உறவும். இப்போது பெரும்பாலும் வெளியுறவுத் துறை. 2007 முதல் 2017 வரை இருந்த கிறிஸ்டோபர் கைட் ராணுவத்திலிருந்து அங்கே போய் வந்தவர். 2010-இல் யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் போனபோது, அமைச்சரவைச் செயலர், பிரதமரின் தனிச்செயலர், இவர் மூன்று பேரும்தான் ராணியை விவகாரத்தில் இழுக்காமல் நாட்களைக் கடத்தினார்கள். அடுத்து வந்த எட்வர்ட் யங் வங்கிக்காரர். சார்லஸ் தன்னோடு அழைத்து வந்த கிளைவ் ஆல்டர்டன் மொராக்கோவில் தூதராக இருந்தவர்.